கால்நடை மருத்துவம் படிக்க பட்டதாரிகளுக்கும் ஒரு வாசல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் "அடுத்து என்ன படிக்கலாம்" பக்கங்கள் எல்லா நாளிதழ்களிலும் வந்துவிடும். தங்கள் இதழிலும் வருகிறது, தவறாமல் படிக்கிறேன். கால்நடை மருத்துவம் என்று வரும்போது கட்-ஆஃப், கடைசித் தேதி, எந்தெந்த ஊரில் கல்லூரி என்ற அளவோடு செய்தி முடிந்துவிடுகிறது. கட்-ஆஃப் எட்டாமல் போய், "சரி, பக்கத்துப் பாடமாவது படிப்போம்" என்று விலங்கியலிலோ உயிர்வேதியியலிலோ பி.எஸ்சி. சேர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கல்லூரியில் சேர்ந்துவிட்டாலும் அந்த ஆசை அவர்களை விட்டுப் போவதில்லை. அவர்களைப் பற்றி ஒரு வரிகூட வருவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் கால்நடை பராமரிப்புத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை. மாடு வைத்திருப்பவர்கள் எங்களையும் "டாக்டரே" என்றுதான் கூப்பிடுவார்கள். சினை ஊசி போடுவது, கோமாரித் தடுப்பூசி போடுவது, டாக்டர் சொன்ன வைத்தியத்தைக் கூட இருந்து பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. பணி பெரும்பாலும் பொன்னேரி, மீஞ்சூர் பக்கம், வீடு கொடுங்கையூர். எருக்கஞ்சேரி, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை என்று இந்தப் பக்கம் கறவை மாடு வைத்துப் பிழைக்கிற குடும்பங்கள் இன்னமும் இருக்கின்றன. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இப்போது காலேஜ் போகிறார்கள். என்னைப் பார்த்தால் அவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "சார், டிகிரி முடிச்சிட்டு வெட்னரி சேர முடியுமா?"

டிகிரியை வைத்து முடியாது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. கால்நடை மருத்துவருக்கான பட்டமான பி.வி.எஸ்சி. அண்டு ஏ.எச். என்பது ஐந்தரை வருஷப் படிப்பு. அதில் கடைசி ஒரு வருஷம் பயிற்சி. மாதவரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தரவரிசைப் பட்டியல் போடும்போது கணக்கில் எடுப்பது பிளஸ் டூ மார்க் மட்டுமே. உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200. மாநில ஒதுக்கீட்டுக்கு நீட் கிடையாது. அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீத இடங்களுக்கு மட்டும் நீட் மார்க்கை வைத்து இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் கலந்தாய்வு நடத்துகிறது. பி.எஸ்சி.யில் நீங்கள் பல்கலைக்கழக அளவில் முதலிடமே வாங்கியிருந்தாலும், அந்த மார்க்கை எழுத விண்ணப்பத்தில் இடமில்லை.

இந்த முறை தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பிளஸ் டூ மார்க்கை வைத்துச் சேர்ப்பதால்தான் கோச்சிங் கட்ட வசதியில்லாத பிள்ளைகள் வேப்பேரி, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்குள் போக முடிகிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவர்களுக்கு 2021 சட்டத்தின்படி 7.5 சதவீதம் கிடைக்கிறது. அதில் சேர்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், பெருமையாக இருக்கிறது. அந்த வாசலில் கை வைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. பக்கத்தில் இன்னொரு சின்ன வாசல் திறக்கச் சொல்லிக் கேட்கிறேன்.

ஏன் கேட்கிறேன் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொருக்குப்பேட்டையில் வீட்டை ஒட்டினாற்போல் கொட்டகை, கறவை மாடுகள். விடியற்காலையில் அவள் பால் கறந்து கொடுக்க, அப்பா டி.வி.எஸ்.ஸில் எடுத்துப்போய் ஊற்றிவிட்டு வருவார். அதற்குப் பிறகுதான் அவளுக்குக் குளியல், காலேஜ். விலங்கியல் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. அரசுப் பள்ளி இல்லை என்பதால் 7.5 சதவீதத்தில் அவளுக்கு இடமில்லை. பொதுப் பட்டியலில் கட்-ஆஃப் எட்டவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி அவள் அப்பா போன் செய்தார். பசு கன்று போட முக்கிக்கொண்டிருக்கிறது, பனிக்குடம் உடைந்து நேரமாகிவிட்டது, முன்னங்கால் இரண்டும் வெளியே தெரிகிறது, தலையைக் காணோம் என்றார். தெரிந்த டாக்டருக்குச் சொல்லிவிட்டு நான் போய்ச் சேர்ந்தேன். அதற்குள் அக்கம்பக்கத்து ஆட்கள் காலில் கயிறு கட்டி இழுக்கலாம் என்று தயாராகிவிட்டார்கள். இந்தப் பெண் குறுக்கே நின்றுகொண்டு யாரையும் கிட்டே விடவில்லை. சோப்புப் போட்டுத் தோள் வரைக்கும் கழுவி, எண்ணெய் தடவி, கையை உள்ளே விட்டுப் பார்த்திருக்கிறாள். "சார், தலை இடப்பக்கம் மடங்கிக்கினு கீது. வாயில வெரல வெச்சேன், சப்புது. உசுரோடதான் கீது" என்றாள்.

கன்று சப்புகிறதா என்று பார்க்க வேண்டும் என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அவளுடைய பாட்டி. விரலைச் சப்பினால் கன்றுக்கு உயிர் இருக்கிறது, பதறாமல் நிதானமாகத் திருப்பலாம். சப்பாவிட்டால், குளம்பைக் கிள்ளினால் காலை இழுத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். தலை மடங்கிக் கிடக்கும்போது காலைப் பிடித்து இழுத்தால் தலை இன்னும் இறுகும். கன்றும் போகும், தாய்க்கும் கருப்பை கிழியும். டாக்டர் வந்து முதலில் கன்றை உள்பக்கம் தள்ளினார். இடம் கிடைத்ததும் கீழ்த்தாடையைப் பிடித்துத் தலையை நேராக்கினார். பிறகு பசு முக்குகிற நேரம் பார்த்து ஒரு கால், மறு கால் என்று மாற்றி மாற்றி இழுத்தார். கிடாரிக் கன்று. மூக்கிலும் வாயிலும் இருந்த கோழையை வழித்துவிட்டு, வைக்கோலால் நெஞ்சைத் தேய்த்து, மூச்சு வந்ததா என்று பார்த்ததும் அந்தப் பெண்தான். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே, "என்னம்மா படிக்கிற?" என்று கேட்டார். அவள் பதில் சொன்ன பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை.

பதினேழு வயதில் எழுதிய ஒரு பரீட்சைக்குப் பிறகு இந்தப் பெண் என்ன கற்றுக்கொண்டாலும் கணக்கில் வராது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

அமெரிக்காவில் இது வேறு மாதிரி நடக்கிறது. அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஒரு பட்டப்படிப்பு முடித்துவிட்டு வருகிறார்கள். அதற்கு மேல் நாலு வருஷம் மருத்துவப் படிப்பு. என் தம்பி மகள் அங்கே இருக்கிறாள், அவள் தோழி அந்த வழியில் போனவள். காலேஜில் சேர்ந்த முதல் வருஷத்திலிருந்தே இதற்கென்று தயாராகிறார்கள். உயிரியல், கரிம வேதியியல், உயிர்வேதியியல், இயற்பியல், மரபியல், புள்ளியியல் என்று முன்கூட்டியே முடிக்க வேண்டிய பாடங்களைக் கல்லூரிகள் சொல்லிவிடுகின்றன. இதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. கால்நடை மருத்துவரோடு இருந்து வேலை பார்த்த மணி நேரம் எவ்வளவு, மருத்துவர் இல்லாமல் பண்ணையிலோ வீட்டிலோ பிராணிகளோடு பழகிய மணி நேரம் எவ்வளவு என்று விண்ணப்பத்தில் தனித்தனியாக எழுதச் சொல்கிறார்கள். கூட இருந்து பார்த்த மருத்துவர் பரிந்துரைக் கடிதம் தர வேண்டும் என்று பல கல்லூரிகள் கேட்கின்றன.

அங்கே ஃபீஸ் நமக்குத் தாங்காது. கடன் வாங்கிப் படித்து வருஷக்கணக்கில் அடைக்கிறார்கள். சம்பளம் இல்லாமல் மணிக்கணக்கில் டாக்டர் பின்னால் நிற்பது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத்தான் முடியும் என்ற குறையும் இருக்கிறது. சாயங்காலம் கடையில் நின்றால்தான் காலேஜ் ஃபீஸ் கட்ட முடியும் என்ற பிள்ளை எங்கே போய் நிற்கும்? அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் தெரிந்த டாக்டர் உள்ளவன் கையெழுத்து வாங்கிக்கொண்டு முன்னால் போவான். ஆகவே நம் ஊருக்குத் தகுந்த மாதிரி செய்ய வேண்டும். வீட்டு மாட்டை, ஆட்டைப் பார்த்துக்கொண்ட அனுபவமும் கணக்கில் வரவேண்டும். அதை அந்தப் பகுதி அரசுக் கால்நடை மருந்தகத்தின் உதவி மருத்துவர் நேரில் பார்த்துச் சான்று தரவேண்டும். அதோடு நேர்முகச் செய்முறை வைக்க வேண்டும்: ஒரு மாட்டின் பக்கத்தில் நிறுத்தி, இதைப் பார்த்து என்ன தெரிகிறது, சொல் என்றால் போதும், கதை அளந்தவன் யார், கொட்டகையில் நின்றவன் யார் என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

பட்டப்படிப்புக்குப் பிறகு ஒரு வாசல் என்பது நம் நாட்டுக்குப் புதிதில்லை. சட்டம் படிக்கப் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஐந்து வருஷப் படிப்பு இருக்கிறது, பட்டதாரிகளுக்கு மூன்று வருஷப் படிப்பு இருக்கிறது. இரண்டு வழியிலும் வந்தவர்கள் ஒரே கோர்ட்டில் ஒரே கறுப்பு அங்கி போட்டு வாதாடுகிறார்கள். பாலிடெக்னிக் முடித்தவர்கள் பொறியியல் இரண்டாம் வருஷத்தில் நேரடியாகச் சேருகிறார்கள். கால்நடை மருத்துவத்தில் மட்டும் ஏன் கூடாது? நான் இரண்டாம் வருஷத்தில் சேர்க்கச் சொல்லவில்லை. விலங்கியல் படித்தவர்கள் கரப்பான்பூச்சியும் தவளையும் பார்த்திருப்பார்கள். மாட்டின் நாலு வயிற்றையும் குதிரையின் காலையும் அவர்களும் முதலிலிருந்துதான் படிக்க வேண்டும். அதனால் முதல் வருஷத்திலேயே சேரட்டும், முழு ஐந்தரை வருஷமும் படிக்கட்டும். இருக்கிற இடங்களிலிருந்து பிடுங்காமல், ஒவ்வொரு கல்லூரியிலும் சில இடங்களைக் கூடுதலாக ஒதுக்கி, நம் 69 சதவீத இட ஒதுக்கீட்டைக் கடைப்பிடித்தே நிரப்பலாம். இடங்களுக்கும் பாடத்துக்கும் விதி வகுப்பது இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில். அதன் 2016 ஒழுங்குமுறையைத் திருத்த வேண்டியிருக்கும். மாநில அரசும் பல்கலைக்கழகமும் எழுதிக் கேட்டால்தான் அது நடக்கும்.

விதி மாறாதது என்று யாரும் சொல்ல வேண்டாம். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கி, பிறகு வேப்பேரிக்கு வந்தது. அப்போது கொடுத்தது டிப்ளமா. 1936இல்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து பட்டப்படிப்பானது. 1989இல் தனிப் பல்கலைக்கழகமே வந்தது. இன்றைக்கு நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், தேனி, உடுமலை என்று கல்லூரிகள் பரவியிருக்கின்றன. காலத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டே வந்த படிப்புதான் இது.

அந்த வாசல் திறக்கிறதோ இல்லையோ, இப்போது பி.எஸ்சி. படிக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வதையும் எழுதிவிடுகிறேன். மனம் விடவில்லை என்றால் நீட் எழுதுங்கள். 15 சதவீத இடங்களுக்கு அது ஒன்றுதான் வழி, அதை எழுதப் பட்டப்படிப்பு தடையில்லை. அதற்குப் பிளஸ் டூ இயற்பியலையும் வேதியியலையும் விடாமல் புரட்டிக்கொண்டிருக்க வேண்டும். காலேஜில் விலங்கியலோடு நுண்ணுயிரியல், மரபியல், உயிர்வேதியியல் எது கிடைத்தாலும் எடுத்துப் படியுங்கள். எந்த வழியில் போனாலும் அது வீண் போகாது. தம்பி தங்கை பிளஸ் டூவில் தொழிற்கல்விப் பிரிவில் படித்தால், அவர்களுக்குத் தனித் தரவரிசைப் பட்டியல் உண்டு என்று சொல்லி வையுங்கள். நிறையப் பேருக்கு அது தெரிவதே இல்லை.

பணம் கொடுத்தால் வெளிமாநிலத்தில் சீட் என்று போன் வரும். எருக்கஞ்சேரியில் எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி ஒரு ஏஜென்டை நம்பி மகனுக்காக முன்பணம் கட்டிவிட்டு இன்றுவரை அலைகிறார். அந்தக் கல்லூரி கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1984ஆம் வருஷச் சட்டப்படி அங்கீகாரமில்லாத பட்டத்தை வைத்துக்கொண்டு மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாமல் டாக்டராகத் தொழில் செய்ய முடியாது.

பிராணிகளோடு பழக வடசென்னையைவிடத் தோதான இடம் நகரத்தில் வேறில்லை. வேப்பேரி ஆஸ்பத்திரி வாசலில் காலையில் போய் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். ஆட்டோவில் மடியில் நாயை வைத்துக்கொண்டு வருகிற பாட்டி, சரக்கு வண்டியில் ஏற்றி வந்த எருமை, அட்டைப்பெட்டியில் சேவல். 2019 அக்டோபரில் திருமுல்லைவாயிலிலிருந்து வந்த ஒரு பசுவின் வயிற்றைத் திறந்து 52 கிலோ பிளாஸ்டிக் எடுத்தது அங்கேதான். கொடுங்கையூர்க் குப்பைமேட்டோரம் மாடு மேய்வதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தச் செய்தி ஒரு பாடப்புத்தகத்துக்குச் சமம். மாடு பிளாஸ்டிக்கை ஏன் தின்கிறது, தின்றால் அசைபோடுவது ஏன் நிற்கிறது, பால் ஏன் குறைகிறது என்று அதிலிருந்தே தொடங்கி உடற்செயலியல் முழுக்கப் படிக்கலாம். புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில் அறுப்புக்கு முன்னும் பின்னும் ஆட்டைப் பரிசோதிப்பது கால்நடை மருத்துவரின் வேலை. வெட்னரி என்றால் நாய், பூனை என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் அதையும் ஒருமுறை அனுமதி வாங்கிப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு "எனக்கு இது ஒத்துவராது" என்று ஒரு பிள்ளை முடிவெடுத்தால் அதுவும் நல்லதே. சேர்ந்து இரண்டு வருஷம் கழித்து அந்த முடிவுக்கு வருவதைவிட இது எவ்வளவோ மேல்.

கொட்டகையில் நிற்கும்போது கையில் நோட்டு இருக்கட்டும். மாட்டைத் தொடுவதற்கு முன் தள்ளி நின்று பாருங்கள்: அசைபோடுகிறதா, மூக்கு நுனி ஈரமாக இருக்கிறதா, சாணி எப்படி இருக்கிறது, எந்தக் காலில் பாரம் போடவில்லை. பிறகு இடப்பக்கம் விலாவுக்குப் பின்னால் இருக்கும் பசிக்குழியில் முஷ்டியை அழுத்தி வைத்துக்கொண்டு காத்திருங்கள். நல்ல மாட்டுக்கு நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை வயிறு புரண்டு கையைத் தள்ளும். தள்ளவில்லை என்றால் தீனியில் ஏதோ கோளாறு. வால் அடியில் விரல் வைத்தால் நாடி கிடைக்கும். தெர்மாமீட்டர் 101.5 டிகிரி பாரன்ஹீட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். மடியில் ஒரு காம்பு மட்டும் சூடாகவும் கல்லாகவும் இருந்தால் மடிநோய்; கறந்த முதல் பீச்சில் திரி திரியாக வருகிறதா பாருங்கள். ஊசி போடுவது, மருந்து கொடுப்பது டாக்டர் வேலை, அதில் கை வைக்காதீர்கள். பார்ப்பதற்கும் எழுதிக்கொள்வதற்கும் யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.

தெருநாய், பூனையைத் தூக்கிக் காப்பாற்றுகிற பிள்ளைகளிடம் நான் கெஞ்சிக் கேட்பது, வெறிநோய்க்கு முன்தடுப்பு ஊசி போட்டுக்கொண்டு போங்கள். வெறிநோய் வந்துவிட்டால் மருந்தில்லை. மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் மாட்டு மூத்திரமும் எலி மூத்திரமும் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் அதில்தான் வருகிறது. கொட்டகைக்குள் கம்பூட்ஸ் போடாமல் இறங்காதீர்கள்.

துறைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் என் வேண்டுகோள் ஒன்று உண்டு. கவுன்சில் விதி திருத்துவதற்குக் காலம் பிடிக்கலாம். அதுவரை காத்திருக்காமல், வடசென்னைக் கல்லூரிகளில் உயிரியல் பாடம் படிப்பவர்களுக்கு விடுமுறையில் வேப்பேரி ஆஸ்பத்திரியிலும் மாதவரம் பண்ணையிலும் சில வாரம் நின்று பார்க்க அனுமதி கொடுக்கலாம். காலையில் வேலைக்குப் போகிற பிள்ளைக்குச் சாயங்கால நேரம் ஒதுக்கலாம். 1962க்குப் போன் செய்தால் வருகிற நடமாடும் மருத்துவ வண்டியில் ஒரு மாணவர் கூடப் போய்வந்தால், ஒரு நாளில் எத்தனை வீட்டுக் கொட்டகையைப் பார்க்க முடியும்! பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒரு பதிவேடும், பொறுப்புக்கு ஒரு டாக்டரும் போதும். நாளைக்குப் பட்டதாரிகளுக்கு இடம் ஒதுக்கினால், அந்தப் பதிவேடே முதல் ஆதாரமாக இருக்கும்.

ஆசிரியர் அவர்களே, கல்விப் பக்கத்தில் அதிகாரிகளைப் பேட்டி எடுக்கிறீர்கள். அடுத்த முறை கால்நடைப் பல்கலைக்கழகத்திலிருந்து யாரையாவது சந்திக்கும்போது கட்-ஆஃபோடு இதையும் கேளுங்கள்: பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு இடம் கேட்டுக் கவுன்சிலுக்கு எழுதுவீர்களா? எழுதினால் எப்போது? அரசு உதவி பெறும் பள்ளியில் படித்த ஏழைப் பிள்ளைக்கு என்ன வழி? எங்கள் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் தங்கள் கேள்விகளைத் தனித்தனித் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவற்றையும் இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம், பதில் மட்டும் வாங்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
கொடுங்கையூர், சென்னை - 118.